தேள் கொட்டினா வலியை மட்டும் பார்க்காதீங்க, வேர்வையைப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

புதுச்சேரி சாரத்துலேர்ந்து பேசறேன். பக்கத்து மனையில வீடு கட்டிக்கிட்டு இருக்காங்க. நடுவுல கலவை மெஷின் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்குங்க. அந்த மனையைப் பத்தியும் கொஞ்ச நேரத்துல பேச வேண்டியிருக்கு.

இன்னைக்கு எபிசோட் தேளைப் பத்தி. "தேளா? அது கிராமத்து விஷயமாச்சே"ன்னு ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. தேள் நமக்கு ராசிபலன்ல விருச்சிகமா வருது, பழமொழியில திருடனைக் கொட்டிட்டுப் போகுது. ஆனா பொது சுகாதாரம்னு பேச்செடுத்தா டெங்கு வருது, நாய்க்கடி வருது, பாம்புக்கடி வருது. தேள் வர்றதே இல்லை.

2008-இல் ஷிப்போ, கோய்ஃபோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலகம் முழுக்கத் தேள்கடிக் கணக்குகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. வருஷத்துக்கு 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேள் கொட்டுது, 3,250 பேருக்கு மேல இறக்கறாங்கன்னு அவங்க மதிப்பிட்டாங்க. ஆபத்து அதிகமுள்ள பகுதிகள்னு உலகத்துல ஏழு இடங்களைக் குறிச்சாங்க. சகாரா பாலைவனத்துக்கு வடக்கே இருக்கிற ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, மெக்சிகோன்னு போற அந்தப் பட்டியல்ல தென்னிந்தியாவும் ஒண்ணு. அதாவது நாம இருக்கிற இடம்.

இன்னொண்ணும் அதே கட்டுரையில இருக்கு. கொட்டு வாங்கறவங்கள்ல பெரியவங்கதான் அதிகம். ஆனா நிலைமை மோசமாகறதும் உயிர் போறதும் குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

பேர்லயே தமிழ் இருக்கிற தேள்

நம்ம ஊர்ல பொதுவா ரெண்டு வகையைச் சொல்வாங்க. கருந்தேள், செந்தேள். கருந்தேள் பெருசு, பார்த்தாலே பயமா இருக்கும், கொடுக்கு தடிமனா நண்டு மாதிரி இருக்கும். கொட்டினா நல்லா வலிக்கும், ஆனா உயிருக்கு ஆபத்து ரொம்ப அரிது.

செந்தேள் அதைவிடச் சின்னது. பழுப்பு கலந்த சிவப்பு நிறம். முன்னாடி இருக்கிற இடுக்கிக் கை மெல்லிசா இருக்கும், வால் தடியா இருக்கும். பொதுவா தேள்கள்ல கை மெல்லிசு, வால் தடிசுன்னா ஜாக்கிரதையா இருக்கணும்னு ஒரு கணக்கு உண்டு. உலகத்துலயே ஆபத்தான தேள்கள்ல ஒண்ணா நம்ம செந்தேளைச் சொல்றாங்க.

அதோட அறிவியல் பெயர் ஹொட்டன்டோட்டா டாமுலஸ். 1798-இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர் ஃபாப்ரிசியஸ் இதுக்கு 'டாமுலஸ்'னு பேர் வச்சார். லத்தீன்ல அதுக்குத் 'தமிழ்'னு அர்த்தம். மருத்துவப் புத்தகத்துல நம்ம மொழியோட பேரைச் சுமந்துக்கிட்டு இருக்கிற ஒரு விஷத்தைப் பத்தி நமக்கே சரியா தெரியலைங்கறதுதான் இன்னைக்கு விஷயம்.

உடம்புக்குள்ள என்ன நடக்குது?

பாம்பு விஷத்தோட இதைக் குழப்பிக்க வேண்டாம். விரியன் கடிச்சா ரத்தம் உறையாமப் போகும். நாகம் கடிச்சா நரம்பும் தசையும் செயலிழந்து இமை தொங்கும், மூச்சு நிக்கும். செந்தேள் விஷம் பண்றது கிட்டத்தட்ட அதுக்கு நேர்மாறு. அது நரம்பை அணைக்கறதில்லை, ஆன்லயே வச்சுடுது.

நரம்பு செல்கள்ல சோடியம் போய் வர்றதுக்குக் கதவுகள் இருக்கு. திறந்து உடனே மூடிக்கணும். இந்த விஷம் அந்தக் கதவை மூட விடாது. நரம்பு விடாம சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். பயம் வந்தா, ஓடினா உடம்புல சுரக்குமே அட்ரினலின் வகை ரசாயனங்கள், அதெல்லாம் வெள்ளமா ரத்தத்துல கொட்டும். அப்போ ரத்தக்குழாய்கள் சுருங்கும், கை கால் ஜில்லுன்னு ஆகும், ரத்த அழுத்தம் ஏறும். சுருங்கிப் போன குழாய்களுக்குள்ள ரத்தத்தைத் தள்ளணும்னு இதயம் போராடும். ஒரு கட்டத்துல முடியாமப் போகும். தேங்கி நிக்கிற நீர் நுரையீரல்ல இறங்கும். மூச்சுத் திணறல், இருமினா இளஞ்சிவப்பா நுரை. தேள்கடியில இறக்கறவங்க பெரும்பாலும் இப்படித்தான் இறக்கறாங்க.

எட்டு வயசுப் பிள்ளைக்கும் எண்பது கிலோ ஆளுக்கும் தேள் அளவு பார்த்து விஷம் விடறதில்லை. அதே விஷம் சின்ன உடம்புல இறங்குது. குழந்தைகளுக்கு ஆபத்து ஏன் அதிகம்னா முதல் காரணம் இதுதான்.

இப்போ இந்த எபிசோட்ல முக்கியமான இடத்துக்கு வரேன். நாம எல்லாரும் வலியை வச்சுத்தான் முடிவு பண்றோம். "ரொம்ப வலிக்குதாடா?" "இல்லம்மா, இப்போ பரவாயில்ல." சரி, படுத்துக்கோ. ஆனா டாக்டர்கள் திரும்பத் திரும்பப் பதிவு பண்ணியிருக்கிறது வேற. கொட்டின இடத்துல கடுமையான வலி இருந்து, வேற எந்த அறிகுறியும் இல்லைன்னா, பெரும்பாலும் அது அந்த இடத்தோட முடிஞ்சிடும். வலி கம்மியா இருந்து, உடம்பு முழுக்க வேர்த்துக் கொட்டி, வாந்தி வந்து, கை கால் ஜில்லிட்டுப் போனா, அதுதான் ஆபத்து. வலி குறையறதை 'விஷம் இறங்கிடுச்சு'ன்னு எடுத்துக்கக் கூடாது.

மந்திரிச்சா சரியாயிடுதே?

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். மந்திரிச்சோம், நின்னுச்சு. வெங்காயம் தேய்ச்சோம், சரியாச்சு. புளி வச்சுக் கட்டினோம், காலையில எழுந்து விளையாடப் போயிட்டான். இதையெல்லாம் சொல்றவங்க பொய் சொல்லலை.

அந்த உலகக் கணக்கையே எடுத்துக்குங்க. ஆயிரம் பேரைக் கொட்டினா சுமார் மூணு பேர் இறக்கறாங்க. மீதி 997 பேர் பிழைச்சுக்கறாங்க. ஒண்ணுமே செய்யலைன்னாலும் பெரும்பாலானவங்களுக்குச் சில மணி நேரத்துல வலி தானா குறையும். அப்போ எந்த வைத்தியம் பண்ணினாலும் அதுக்கு 997 சாட்சி கிடைக்கும். அந்த மூணு பேர் வீட்டுல மட்டும்தான் வேற கதை இருக்கும். அந்த மூணு பேர் யாருன்னு கொட்டின நிமிஷத்துல யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்ல வேண்டியிருக்கு. மந்திரிக்கறதுல போறது நேரம். விஷத்தைவிட அந்த நேர இழப்புதான் பல தடவை குழந்தைகளை மோசமான கட்டத்துக்குக் கொண்டு போகுது.

மகாட்ல ஒரு டாக்டர்

இந்த நோய்க்கு வழி கிடைச்சது ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்துல இல்லை. மகாராஷ்டிராவுல, மும்பைக்குத் தெற்கே ராய்கட் மாவட்டத்துல மகாட்னு ஒரு ஊர். அதுக்குப் பக்கத்துல பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1976-இல் ஹிம்மத்ராவ் பாவஸ்கர்னு ஒரு இளம் டாக்டர் வேலைக்கு வந்தார். கொங்கண் பகுதி அது, செந்தேள் நிறைய. கொட்டு வாங்கி வர்றவங்க கண் முன்னாடியே நுரையீரல்ல நீர் கோத்து இறந்து போனாங்க. அவர் படிச்ச பாடத்துல இதுக்குத் தெளிவான பதில் இல்லை.

அவர் நோயாளிகள் பக்கத்துலயே உட்கார்ந்து, மணிக்கு மணி என்ன ஆகுதுன்னு எழுதி வச்சார். வேர்வை எப்போ, வாந்தி எப்போ, கை கால் எப்போ ஜில்லிடுது, இதயம் எப்போ திணற ஆரம்பிக்குது. அந்தக் குறிப்புகள்லேர்ந்து 1982-இல் லான்செட் இதழ்ல கட்டுரை வந்துச்சு. ரத்தக்குழாய் சுருங்கறதுதான் பிரச்சினைன்னா அதைத் திறந்துவிட்டா என்னன்னு யோசிச்சார். அதுக்குக் கைக்குக் கிடைச்ச மருந்து பிரசோசின். புதுசா கண்டுபிடிச்சது இல்லை, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரை. விலை குறைவு, ஊசி வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஐ.சி.யூ. வேண்டாம். 1986-இல் அதுவும் லான்செட்ல வந்துச்சு.

பிரசோசினுக்கு முந்தின காலத்துல, மேற்கு இந்தியாவுல கடுமையா பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கள்ல 30% வரைக்கும் இறந்தாங்கன்னு பதிவுகள் சொல்லுது. அதுக்கு அப்புறம் அது 4%-க்கும் கீழே வந்துச்சு. 2011-இல் அவரும், அவர் மனைவி டாக்டர் பிரமோதினி பாவஸ்கரும் பி.எம்.ஜே. இதழ்ல இன்னொரு ஆய்வு வெளியிட்டாங்க. 70 நோயாளிகள். பாதிப் பேருக்குப் பிரசோசின் மட்டும், பாதிப் பேருக்குப் பிரசோசினோட தேள் விஷமுறிவு மருந்து. ரெண்டும் சேர்த்துக் கொடுத்தவங்க சராசரியா 8 மணி நேரத்துல தேறினாங்க, மாத்திரை மட்டும் எடுத்தவங்களுக்கு 17.7 மணி நேரம் ஆச்சு. 2022-இல் பாவஸ்கருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது.

நம்ம ஜிப்மர்ல

இப்போ வீட்டுக்குப் பக்கத்துல வருவோம். சாரத்துலேர்ந்து கோரிமேடு போற வழியை நினைச்சுக்குங்க. அந்த ஜிப்மர்ல, குழந்தைகள் பிரிவு டாக்டர்கள் பல வருஷமா இந்த விஷயத்துல வேலை பார்த்துக்கிட்டு இருக்காங்க.

1981-இல் டாக்டர் மகாதேவனும் சக டாக்டர்களும் ஒரு கட்டுரை எழுதினாங்க. அப்போ கொடுத்துக்கிட்டு இருந்தது 'லைட்டிக் காக்டெய்ல்'. பெத்திடின், புரோமெத்தசின், குளோர்புரோமசின்னு மூணு மருந்தோட கலவை. வலியையும் பதற்றத்தையும் தணிச்சு, அந்த நரம்புப் புயலைக் கொஞ்சம் அடக்கறதுதான் நோக்கம். அன்னைக்குக் கையில இருந்ததை வச்சுச் செஞ்ச வைத்தியம். அப்புறம் பிரசோசினுக்கு மாறினாங்க. மாறினதோட விடலை. மாறினதுக்கு முன்னாடி எப்படி, பின்னாடி எப்படின்னு ஒப்பிட்டு டாக்டர் பிஸ்வாலும் சக டாக்டர்களும் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. 2014-இல் அதே ஜிப்மர் குழந்தைகள் பிரிவுலேர்ந்து இன்னொரு ஆய்வு: பிரசோசினோட விஷமுறிவு மருந்தும் கொடுத்தா குழந்தைகள் இன்னும் சீக்கிரம் தேறறாங்கன்னு காட்டினாங்க.

நமக்கு இதுல ஒரு வசதி இருக்கு. சாரத்துல ஒரு பிள்ளையைத் தேள் கொட்டினா ஆட்டோ பிடிச்சு சீக்கிரமே ஜிப்மர் போயிடலாம். ஆனா ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்துலேர்ந்தெல்லாம் வர்றாங்க. செஞ்சிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்னு வச்சுக்குவோம். ராத்திரி 8 மணிக்குக் கொட்டுது. 9 மணி வரைக்கும் வீட்டு வைத்தியம். அப்புறம் பக்கத்துத் தெரு கிளினிக். அங்க ஒரு அலர்ஜி ஊசி, ஒரு வலி ஊசி, "போய்ப் படுக்க வைங்க". 11 மணிக்குப் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது, மூச்சு வாங்குது. வண்டி தேடி, ஊர் தாண்டி வர 1 மணிக்கு மேல ஆகும். அந்த அஞ்சு மணி நேரத்துல எங்கயாவது ஒரு இடத்துல அந்த மாத்திரை கிடைச்சிருந்தா கதை வேற மாதிரி போயிருக்கலாம். இந்த மருந்து உதவும்னு 1986-லயே வெளியாயிடுச்சு. இப்போ மிச்சம் இருக்கிற பிரச்சினை தூரமும் தகவலும்தான்.

கொட்டினா என்ன பண்ணணும்?

இந்தப் பகுதியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டு குரூப்ல போடுங்க.

ஒண்ணு, மணி பாருங்க. எத்தனை மணிக்குக் கொட்டுச்சுன்னு டாக்டர் கேப்பார்.

ரெண்டு, மோதிரம், வளையல், கொலுசு அந்தப் பக்கம் இருந்தா கழட்டுங்க. இடத்தைத் தண்ணியால கழுவுங்க. வலிக்கு, துணியில சுத்தின ஐஸ் வைக்கலாம்.

மூணு, இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க, சுண்ணாம்பு, பெட்ரோல் எதுவும் போடாதீங்க.

நாலு, குழந்தைன்னா அறிகுறிக்காகக் காத்திருக்காம உடனே கிளம்புங்க. 108 கூப்பிடுங்க, இல்ல கையில இருக்கிற வண்டியில போங்க. நடக்க வைக்காம தூக்கிட்டுப் போங்க. பெரியவங்கன்னாலும் வேர்வை, வாந்தி, எச்சில் ஒழுகறது, கை கால் ஜில்லிடறது, நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்கறது, இதுல எது வந்தாலும் அதே அவசரம்தான்.

அஞ்சு, ஆம்பளைப் பசங்களுக்கு ஆணுறுப்பு விறைச்சு நிக்கலாம். இதுவும் விஷம் உடம்புல பரவறதோட ஆரம்ப அறிகுறி. சொல்லக் கூச்சப்பட்டு நிறைய பேர் விட்டுடறாங்க. டாக்டர்கிட்ட நேரா சொல்லுங்க.

ஆறு, தேளைத் தேடிக்கிட்டு நேரத்தை விடாதீங்க. எதிர்ல இருந்தா தள்ளி நின்னு ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

ஏழு, ஆஸ்பத்திரியில சில மணி நேரம் கவனிப்புல வச்சிருக்கணும்னு சொன்னா சண்டை போடாதீங்க. நல்லா இருக்கிற பிள்ளைக்கும் கொஞ்ச நேரம் கழிச்சு அறிகுறி வரலாம்.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுட்டுப் பிரசோசினை வாங்கி வீட்டு அலமாரியில வச்சுக்கிட்டு நீங்களே கொடுக்காதீங்க. எடையைப் பார்த்துத்தான் அளவு. முதல் மாத்திரையில ரத்த அழுத்தம் சட்டுனு இறங்கி மயக்கம் வரலாம். படுக்க வச்சு, அழுத்தம் பார்த்துக்கிட்டே கொடுக்க வேண்டிய மருந்து.

வீடும் தேளும்

பக்கத்து மனைன்னு ஆரம்பத்துல சொன்னேனே, அது இதுக்குத்தான். தேளுக்குப் பிடிச்ச இடம் எதுன்னு பார்த்தா, கல் அடுக்கு, செங்கல் அடுக்கு, விறகு, தேங்காய் மட்டை, ஓலைக் கூரை, பூசாத சுவரோட வெடிப்பு. பகல்ல ஒளிஞ்சிருக்கும், ராத்திரி இரை தேடி வெளியே வரும். கட்டுமான இடத்துல அடுக்கி வச்ச செங்கலைக் கையால எடுக்கிறவங்க யாரு? அந்த மனையிலயே தகரக் கொட்டகை போட்டுத் தரையில படுக்கிற குடும்பம் யாரு? அவங்க பிள்ளைகள் யாரு? தேள் ஆளைப் பார்த்துக் கொட்டறதில்லை, ஆனா யாரு தரையில படுக்கறாங்க, யாரு செருப்பு இல்லாம நடக்கறாங்கங்கறது ஏற்கெனவே முடிவாகியிருக்கு. பூசின சுவர், கட்டில், கொசுவலை, செருப்பு, வெளிச்சம். தேள்கடித் தடுப்புன்னா நடைமுறையில இந்த அஞ்சுதான்.

நம்ம வீட்டுக்கு: ஷூவை உதறிட்டுப் போடுங்க. கொடியில காய்ஞ்ச துணியை உதறிட்டு மடிங்க. கட்டிலைச் சுவத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்க. புற ஊதா டார்ச் அடிச்சா தேள் பச்சை கலந்த நீலமா ஒளிரும். ஆன்லைன்ல அந்த டார்ச் கிடைக்குது. தோட்டம் இருக்கிறவங்க ராத்திரியில ஒரு ரவுண்டு அடிச்சுப் பார்க்கலாம். வீடு கட்டறவங்க இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, வேலை செய்யறவங்களுக்குக் கையுறை கொடுங்க, படுக்கக் கட்டில் கொடுங்க. வீடு கட்டற செலவுல அது பெரிய விஷயமே இல்லை.

எண்ணாததை யாரும் கவனிக்க மாட்டாங்க

பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017-இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியல்ல சேர்த்துச்சு. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு, 2030-க்குள்ள பாம்புக்கடி மரணங்களைப் பாதியா குறைக்கணும்னு தேசிய செயல்திட்டம் வெளியிட்டுச்சு. அதே வருஷம் நவம்பர்ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயா ஆக்குச்சு. அதாவது ஆஸ்பத்திரிக்கு ஒரு கேஸ் வந்தா அரசுக்குத் தகவல் கொடுக்கணும். ரொம்ப நல்ல விஷயம். எந்த ஊர்ல எத்தனை கடின்னு தெரிஞ்சாத்தான் எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து அனுப்பணும்னு தெரியும். தேள் இந்த எந்தப் பட்டியல்லயும் இல்லை.

நாம கேக்க வேண்டியது ரெண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துல சாதாரண பிரசோசின் மாத்திரை இருக்கணும். மெதுவா கரையற வகை இந்த அவசரத்துக்கு உதவாது. ரெண்டாவது, தேள்கடியையும் பாம்புக்கடியோட சேர்த்து எண்ணணும். ஏற்கெனவே ஒரு படிவம் நிரப்பறாங்க, அதுல இன்னொரு கட்டம், அவ்வளவுதான்.

உங்க ஊர்ல தாத்தா பாட்டி, சித்தப்பா, பெரியம்மா யாராவது கிராமத்துல இருந்தா, இந்த வாரம் போன் பண்ணும்போது ஒரே ஒரு வரி சொல்லுங்க: "பிள்ளையைத் தேள் கொட்டினா, வலி கம்மியா இருக்கேன்னு படுக்க வைக்காதீங்க, வேர்க்குதான்னு பாருங்க, எப்படியிருந்தாலும் தூக்கிட்டுப் போங்க." உங்க ஊர்ல தேள்கடிக்கு என்ன செய்யறாங்கன்னு எங்களுக்குக் குரல் பதிவா அனுப்புங்க. சரியோ தப்போ, கேட்டுத் தெரிஞ்சுக்கணும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.